கூரையில்லாத வீட்டுக்கு விளக்கு

என் அண்ணி எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கதவைத்தான் பார்ப்பாள். உள்பக்கம் திறக்கிறதா, வெளிப்பக்கமா, தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிட்டு, வாசல் நேராகத் தெரியும் இடத்தில் போய் உட்காருவாள். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அப்படித்தான். யாராவது கதவைச் சாத்தப் போனால், "கெடக்கட்டும் வுடு, காத்து வரட்டும்" என்பாள். மார்கழிக் குளிரிலும் அதையேதான் சொல்வாள்.

சின்ன வயதில் அம்மை போட்டிருந்தபோது, மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று அவளை விறகு அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்களாம். இதை ஒரே ஒரு முறை, அரிசி புடைத்துக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைப்போல என்னிடம் சொன்னாள். "சோறு வெக்கறதுக்கு மட்டும் தெறப்பாங்க. அப்பால சாத்திடுவாங்க" என்றாள்.

அப்படிப்பட்டவளைத்தான் எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. வாசல் ஒன்றுதான். பின்பக்கம் ஒரு குடோனின் சுவர் எழும்பி நின்றது. ஜன்னல் கிடையாது. கூரைக்குக் கீழே கம்பி போட்ட ஒரு சின்னத் திறப்பு மட்டும் உண்டு. கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் சிம்னி விளக்கு வேண்டும். வந்த முதல் வாரமே அண்ணி அம்மிக் குழவியை உருட்டிக்கொண்டுவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். அம்மா அதைத் திரும்ப உருட்டி அம்மிக்குக் கொண்டுபோவாள். மறுநாள் குழவி மறுபடி வாசலுக்கு வந்துவிடும்.

அண்ணன் கப்பல்களில் தச்சு வேலை செய்தான். அவர்களுக்கு ராணி பிறந்ததும், துறைமுகத்திலிருந்து தேயிலைப் பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து குழந்தைக்கு ஒரு பொம்மை வீடு செய்ய ஆரம்பித்தான். கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. முன்பக்கச் சுவர் இல்லை, கூரை இல்லை. மாடிப்படி பாதி தூரம் ஏறி அந்தரத்தில் நின்றுவிட்டது. அதற்குள் கப்பலுக்குக் கூப்பிட்டார்கள். "அடுத்த தபா வந்து கூரை போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். சிங்கப்பூர்ப் பக்கம் போன கப்பல் அது. பிறகு சிங்கப்பூரை ஜப்பான்காரன் பிடித்துவிட்டான். அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை.

அம்மா அந்தப் பொம்மை வீட்டைச் சாமி படங்களுக்குக் கீழே ஒரு முக்காலியில் எடுத்து வைத்தாள். "எம்புள்ள கை வெச்ச வேல. அவன் வந்து முடிப்பான். யாரும் தொடக் கூடாது" என்றாள். அண்ணன் விட்டுப் போனதெல்லாம் விட்டுப் போன இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். சட்டை ஆணியில் இருக்க வேண்டும், செருப்பு கதவோரம் இருக்க வேண்டும், அண்ணி வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

குண்டு போடப் போகிறார்கள் என்று பட்டணமே ஊரைவிட்டு ஓடியபோது எங்கள் சந்தில் நாங்கள் மட்டும்தான் மிஞ்சினோம். அம்மா கிளம்ப மறுத்துவிட்டாள். "அவன் வந்து பாத்தா வூடு பூட்டிக் கெடக்கணுமா?" என்றாள். இருட்டடிப்புக்காக வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதென்று கம்பித் திறப்பில் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்த வேண்டும் என்பது சர்க்கார் உத்தரவு. அந்த மாதங்களில் அண்ணி சாத்திய கதவின் அடியில் இருந்த சந்தில் முகத்தை வைத்துப் படுத்துக்கொள்வாள். தரைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதில் வரும் காற்றைத்தான் அவள் மூச்சாக இழுக்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

யுத்தம் முடிந்தது. போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். கப்பல் ஆபீசில் போய்க் கேட்டால், "செத்தார்னு சேதி இல்ல, உயிரோட கீறார்னும் சேதி இல்ல" என்றார்கள். அம்மா முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அண்ணியை உட்கார வைத்துத் தன் கையாலேயே அவள் நெற்றியில் குங்குமம் வைத்துவிடுவாள். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள்கூட அவள் கையை விலக்கவில்லை. ஆனால் அம்மா எழுந்து போன பிறகும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்காமல் இருப்பாள்.

பிழைப்புக்குக் குடோனிலிருந்து கிழிந்த கோணிகள் வரும். மூன்று பேரும் வீட்டிலேயே உட்கார்ந்து தைத்துக் கொடுப்போம். அண்ணி வெளியே போவது தெருக் குழாய்க்கு மட்டும்தான். குழாய்க்கு எதிரே ஒரு பெட்டிக்கடையில் டார்ச் விளக்கு ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் இருந்தார். தண்ணீருக்கு நிற்கும் நேரமெல்லாம் அண்ணி அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ராணிக்கு விவரம் தெரிய ஆரம்பித்த வயது. ஒருநாள் முக்காலிக்கு முன்னால் குனிந்து பொம்மை வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எம்மா, இதுக்குள்ள ஆளுங்க எப்பிடி இருப்பாங்க? ஒரே இருட்டா கீதே."

அண்ணி கோணி ஊசியைக் கீழே வைத்தாள். அன்று சாயங்காலம் தண்ணீருக்குப் போனவள் குடத்தை நிரப்பி வரிசையை விட்டு விலகிப் போய்ப் பாயிடம் பேசினாள். நானும் கூட இருந்தேன்.

"இன்னா தங்கச்சி, டார்ச்சு எங்க?" என்றார் பாய்.

"டார்ச்சு இல்ல பாய். வூட்டுக்கு வெளக்கு வெக்கணும்."

"வூட்டுக்கு டார்ச்சு பல்பா?"

"சின்ன வூடு பாய்" என்று கையால் உயரம் காட்டினாள் அண்ணி.

அவர் சிரிக்கவில்லை. யாரோ வேண்டாமென்று விட்டுப்போன பேட்டரிக் கட்டைகள் இரண்டை எடுத்துக் கொடுத்தார். "வெயில்ல காய வை. கொஞ்சம் உசுரு வரும்" என்றார். பல்புகளையும், பழைய மோட்டாரிலிருந்து பிரித்த செப்புக் கம்பியையும் பிறகு ஒவ்வொன்றாகக் கொடுத்தார். அவளும் பதிலுக்கு அவர் கடைக்கு வெயில் மறைக்கக் கோணியில் ஒரு படுதா தைத்துக் கொடுத்தாள்.

மத்தியானம் அம்மா படுத்துத் தூங்கும் நேரத்தில்தான் வேலை நடக்கும். பிஸ்கட் டின் தகரத்தை வெட்டி பல்பைப் பிடித்துக்கொள்ளும் வளையம் செய்தாள். கோணி ஊசியால் பலகையில் துளை போட்டுக் கம்பியை அந்தப் பக்கம் இழுத்தாள். தச்சன் மனைவி என்பதாலோ என்னவோ, அண்ணன் வைத்த ஒரு ஆணியைக்கூட அவள் அசைக்கவில்லை. அவன் விட்டுப் போன இடுக்குகளிலேயே கம்பியை ஓட்டினாள்.

முதல் தடவை நான்கு பல்பையும் ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்திருந்தாள். கட்டையை வைத்ததும் நான்கும் அழுகிற கண் மாதிரி மங்கலாகச் சிவந்தன. ஒன்றைத் தொட்டு நகர்த்தினாள். நான்கும் அணைந்தன. மறுநாள் பாயிடம் போய்ச் சொன்னாள்.

"ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா கட்டினா அப்பிடித்தான் தங்கச்சி" என்றார் அவர். "ஒவ்வொரு பல்புக்கும் போற வழி, வர்ற வழி தனித்தனியா வை. ஒண்ணு அணைஞ்சாலும் மத்தது எரியும்."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகக் கட்டினாள். அடுத்த முறை நான்கு அறை விளக்கும் நன்றாகவே எரிந்தன. ராணி தரையில் மல்லாந்து படுத்து, கீழேயிருந்து மாடி அறையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இது எத்தனை நாள் மறையும்? ஒரு சாயங்காலம் கோயிலிலிருந்து அம்மா சீக்கிரம் திரும்பிவிட்டாள். சாமி படங்களுக்குக் கீழே வெளிச்சம்.

"இன்னாடி இது?"

"வெளக்கு அத்தை."

"யாரு வெச்சது?"

"நாந்தான்."

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். "கூரை போடாத வூட்டுக்கு வெளக்கு இன்னாத்துக்கு? அவன் வந்து முடிக்க மாட்டான்னு நீயே முடிவு கட்டிட்டியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நா கூரை போடல அத்தை. அத அவரே வந்து போடட்டும். அதுவரைக்கும் இருட்டுல கெடக்கணுமா?"

"கெடந்தா இன்னா? நா கெடக்கல?"

"நீங்க கெடப்பீங்க அத்தை. என்னால ஆவல."

அம்மா முக்காலி வரைக்கும் போனாள். எல்லாவற்றையும் பிடுங்கி எறியப் போகிறாள் என்று நினைத்தேன். கை நீண்டது, அப்படியே நின்றுவிட்டது. பிடுங்கினால் தானும் தொட்டதாகிவிடும் என்பது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். அப்போதுதான் அண்ணி இன்னொன்றையும் சொன்னாள். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பேட்டரி கம்பெனியில் ஈயம் வைத்துக் கம்பி ஒட்டும் வேலைக்குப் பொம்பளைகளை எடுக்கிறார்கள், பாய்க்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் அங்கே இருக்கிறார், தான் போகப்போவதாக.

"அவன் வர்ற நேரம் நீ வூட்ல இல்லன்னா?" என்றாள் அம்மா.

அண்ணி குழவியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசல் தாண்டியதும், குழவியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினாள். வெளிச் சங்கிலியை மாட்டினாள். புடவைக்குள்ளிருந்து ஒரு பூட்டை எடுத்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

"அம்மா, அண்ணி உள்ள கீது. கொயந்தையும் கீது."

"தெரியும். நாம வர்ற வரைக்கும் எங்கயும் போவாதுல்ல" என்று பூட்டினாள்.

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. கதவை இடிக்கவில்லை, கூப்பிடவில்லை. அந்த வாரம் வீட்டில் சொட்டு மண்ணெண்ணெய்கூட இல்லை என்பது பாதி வழியில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. யுத்தத்தில் ஒட்டிய கறுப்புக் காகிதம்கூட அந்தத் திறப்பிலிருந்து முழுசாக உரியவில்லை. கோயிலில் அம்மா சுற்றிக்கொண்டே இருந்தாள். தட்டில் என்ன கொடுத்தார்கள், நான் என்ன வாங்கினேன் என்பது ஒன்றும் எனக்கு நினைவில்லை. அண்ணி அந்த இருட்டில் என்ன செய்துகொண்டிருப்பாள் என்பதுதான் மனசில் ஓடியது.

திரும்பி வந்தபோது சந்து முனையிலேயே கூட்டம் தெரிந்தது. ஆட்கள் விலகி வழி விட்டார்கள்.

வாசற்படியில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். மடியில் ராணி. பூட்டு பூட்டியபடியே இருந்தது. கதவு மட்டும் மறுபக்கம் கீலிலிருந்து கழன்று, சங்கிலியில் ஒரு பக்கம் பிடிபட்டபடி உள்சுவரில் சாய்ந்து கிடந்தது. அந்தச் சாய்வுக்குப் பக்கத்தில், தரையில், பொம்மை வீடு. நான்கு அறையிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

என்ன நடந்தது என்பதை ராணிதான் பிறகு எனக்குச் சொன்னாள். கதவைச் சாத்தியதும் அண்ணி சுவரோரம் குந்தி உட்கார்ந்துவிட்டாளாம். மூச்சு வாங்கியதாம், கூப்பிட்டால் பேசவில்லையாம். பயந்துபோன ராணி தட்டித் தடவிப் போய்ப் பொம்மை வீட்டின் கம்பியைக் கட்டையில் வைத்திருக்கிறாள். வெளிச்சம் வந்ததும் அண்ணி தலையைத் தூக்கிப் பார்த்தாளாம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எழுந்து, அந்த வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து கதவோரம் வைத்திருக்கிறாள். அண்ணனின் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்து, அந்த வெளிச்சத்தில், கீலில் இருந்த துருப்பிடித்த திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறாள். ராணி பக்கத்தில் நின்று, திருகாணி இருக்கும் பக்கமாக வீட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினாளாம்.

அம்மா முந்தானையில் முடிந்த சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணி எழுந்து நின்றாள். ரவிக்கை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நகங்கள் உடைந்திருந்தன. குரல் மட்டும் எப்போதும் போல இருந்தது.

"கதவ ஒடைக்கல அத்தை. கயட்டித்தான் வெச்சிகீறேன். நானே மாட்டிக் குடுத்துடறேன். வெளில இருந்து பூட்டற சங்கிலி மட்டும் வோணாம்."

அம்மா அவளைத் தாண்டி உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சில நாட்கள் கதவு அப்படியே கிடந்தது. அம்மா வாசலுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்தாள். அண்ணியைக் காவல் காக்கிறாளா, வீட்டைக் காவல் காக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு காலை, "மாட்டு. நாய் வருது" என்றாள். அண்ணி மாட்டினாள். சங்கிலியை எடுத்துவிட்டு உள்பக்கம் ஒரு கொக்கி வைத்தாள்.

பேட்டரி கம்பெனிக்கு அவள் போக ஆரம்பித்தாள். அம்மா தடுக்கவில்லை. ஆனால் வேலைக்குக் கிளம்பும்போதும் உட்கார வைத்துக் குங்குமம் வைத்துத்தான் அனுப்புவாள். அண்ணியும் உட்காருவாள். கம்பெனியில் கழித்துப் போட்ட கட்டைகள் பொம்மை வீட்டுக்கு வரும். ஒருநாள் விளக்கு எரியும்போது அம்மா கிட்டே போய் உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல், "அந்தப் படிக்கட்டுலயும் ஒண்ணு வை. பாதில நிக்குது, காலு இடறும்" என்றாள். அண்ணி அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஐந்தாவது பல்பை வைத்துவிட்டாள். கூரையை மட்டும் கடைசி வரைக்கும் யாரும் போடவில்லை.

எனக்குக் கல்யாணமாகி வியாசர்பாடிக்குப் போன பிறகு, கம்பெனிக்காரர்கள் அண்ணிக்குத் திருவொற்றியூரிலேயே ஒரு வீடு தருவதாகச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் ஜன்னல், பின்னால் கொல்லை. அண்ணி போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். அம்மா வரமாட்டேன் என்றாள். அண்ணியும் போகவில்லை.

"நீயும் ராணியும் போவலாமே அண்ணி" என்றேன்.

"நா போயிட்டா அத்தை கதவ சாத்திக்கும்" என்றாள். "அதுக்கு அப்பால தொறக்காது."

அவள் வேறொன்று செய்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ராயபுரம் ஸ்டேஷன் வரைக்கும் கூட்டிப் போவாள். எண்ணூருக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வரலாம் என்பாள். பத்து வருஷமாகக் கோயிலைத் தவிர எங்கும் போகாதவள் அம்மா. பிளாட்பாரம் வரைக்கும் வருவாள். வண்டி வந்து நிற்கும். அம்மா பெஞ்சைவிட்டு எழ மாட்டாள். வண்டி போய்விடும். இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்குத் திரும்புவார்கள். இதில் அண்ணிக்குக் கோபமோ சலிப்போ வந்து நான் பார்த்ததில்லை. மாசக்கணக்கில் இதே கதைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். வண்டி வந்து நின்றது. அம்மா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். கார்டு விசில் ஊதினார். திடீரென்று அம்மா எழுந்து, அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு, படியில் காலை வைத்துவிட்டாள். நானும் ராணியும் பின்னால் ஓடி ஏறினோம்.

வண்டி நகர்ந்ததும் அம்மா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வண்ணாரப்பேட்டை போனது, கொருக்குப்பேட்டை போனது. அவள் பிடியை விடவில்லை. அவள் பிடியில் அண்ணியின் கண்ணாடி வளையல் ஒன்று படக்கென்று உடைந்தது.

எதிரில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி, "ஐயையோ" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். கட்டினவன் இருக்கிறவள் கையில் வளையல் உடையக் கூடாது. இத்தனை வருஷம் குங்குமம் வைத்துவிட்ட என் அம்மா இதற்கு என்ன செய்யப் போகிறாளோ என்று நானும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அம்மா கையை எடுத்தாள். மடியில் விழுந்திருந்த பச்சைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக வெளியே போட்டாள்.

"கைய கிய்ச்சிடுச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல அத்தை" என்றாள் அண்ணி. ரத்தம் துளிர்த்த அந்தக் கையை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.